ஏஎஸ்/400-ல இருந்து மெயின்பிரேமுக்குப் போற லிங்க் ஏன் ‘வேரி ஆன் பெண்டிங்’லயே நிக்குது?

ஏஎஸ்/400-ல (ஐபிஎம்மோட நடுத்தர அளவு பிசினஸ் கம்ப்யூட்டர்) மெயின்பிரேமோட (ஐபிஎம்மோட பெரிய கம்ப்யூட்டர்) பேசறதுக்கான லைன், கன்ட்ரோலர், டிவைஸ் டிஸ்கிரிப்ஷன் மூணும் கிரியேட் பண்ணியாச்சு, ஆனா கன்ட்ரோலர் ஆக்டிவ் ஆகலன்னு கேட்டிருக்கீங்க. வேரி ஆன்னா இணைப்பை இயக்கி விடறது, அது பெண்டிங்னா உங்க பக்கம் ரெடி, எதிர்ப்பக்கம் இன்னும் கை கொடுக்கலன்னு அர்த்தம். மோடம், கேபிள் சரின்னா முதல்ல எக்ஸ்சேஞ்ச் ஐடியைப் பாருங்க, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

ஏஎஸ்/400 தன்னை அறிமுகம் பண்ணிக்க அனுப்புற 8 இலக்க ஐடிதான் அது, முதல் 3 இலக்கம் 056, மீதி 5 அந்த மெஷினுக்கு உரியது. டயல் லைன்னா, வீடேம்ல (மெயின்பிரேம்ல நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற சாஃப்ட்வேர்) உங்க மெஷினைக் குறிக்கிற பியூ டெஃபினிஷன்ல ஐடிபிளாக் 056-ன்னும் ஐடிநம் அந்த 5 இலக்கமாவும் இருக்கணும், ஒண்ணு மாறினாலும் மெயின்பிரேம் உங்களை யாருன்னே தெரியாதுன்னு விட்டுடும். லைன் டிஸ்கிரிப்ஷனை டிஸ்ப்ளே பண்ணி அந்த நம்பரைப் பார்த்து எழுதி வீடேம் பார்க்கிறவர்கிட்ட கொடுங்க, தயவுசெஞ்சு போன்ல வாயால சொல்லாதீங்க.

எஸ்டிஎல்சி (ஐபிஎம்மோட தொடர்பு முறை) லைன்னா, லைன்ல ஒரு மெஷினை அடையாளம் காட்டுற ஸ்டேஷன் அட்ரஸும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், ஹெக்ஸ்ல (16 அடிமான எண்) இருக்கிறதை டெசிமல்னு நினைச்சுப் போட்டா லிங்க் எழும்பாது. 3270 எமுலேஷன் (மெயின்பிரேம் டெர்மினல் மாதிரி நடிக்கிறது) டிவைஸ்ல லோக்கல் லொகேஷன் அட்ரஸ், வீடேம்ல அதே டிவைஸுக்குக் கொடுத்த லோக்ஏடிடிஆர் நம்பரோட பொருந்தணும், ஏபிபிசி (ரெண்டு புரோகிராம் நேரடியா பேசிக்கிற முறை) இன்டிபெண்டென்ட் எல்யூன்னா (மெயின்பிரேம் உதவியில்லாம தானே செஷன் தொடங்குற முனை) வீடேம்ல லோக்ஏடிடிஆர் 0. எல்லாம் திருத்தினதும் வேரி ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்க.