வாசகர் கேள்வி–பதில்: ஊராட்சி வரை வந்த இணையம்

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் கேபிள் வந்து, சுவரில் பெட்டியும் மாட்டிவிட்டார்கள். ஆனால் ஊரில் ஒரு வீட்டுக்குக்கூட அதிலிருந்து இணைப்பு இல்லை. பாரத்நெட் திட்டம் என்பது இவ்வளவுதானா?
(முசிறி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தொடக்கத்தில் திட்டத்தின் எல்லையே அவ்வளவுதான். 2011 அக்டோபரில் ‘தேசிய ஒளியிழை வலையமைப்பு’ என்ற பெயரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தபோது, பிஎஸ்என்எல், ரயில்டெல், பவர்கிரிட் ஆகிய நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒளியிழையைப் பயன்படுத்திக்கொண்டு, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களிலிருந்து சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குப் புதிதாகக் கேபிள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 100 எம்பிபிஎஸ் வேகம் தருவதே குறிக்கோளாக இருந்தது. அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் வேலையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களும் முன்வந்து செய்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வீடுகள் சிதறிக் கிடக்கும் சிற்றூரில், மாதம் சில நூறு ரூபாய்க் கட்டணத்தை நம்பி யார் முதல் போட்டுக் கேபிள் இழுப்பார்கள் என்பதை அன்றே யோசித்திருக்க வேண்டும். 2017 டிசம்பரில் 1 லட்சம் ஊராட்சிகளுடன் முதல் கட்டம் நிறைவடைந்தது. எத்தனை வீடுகள் பயனடைந்தன என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் இந்தக் குறையை ஓரளவு ஒப்புக்கொள்கிறது எனலாம். ஐந்தாண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்ற இலக்கு அதில் உண்டு. உள்ளூர்த் தொழில்முனைவோர் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்து, வருவாயில் பங்கு பெறும் முறையும் உண்டு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே கிராம சபையில் நீங்கள் கேட்க வேண்டியது, ‘கேபிள் வந்ததா’ என்பதை அல்ல. பெட்டிக்கு மின்சாரமும் மாற்று பேட்டரியும் யார் பொறுப்பு, வீட்டு இணைப்பை எடுத்து நடத்த ஊரில் யார் முன்வந்திருக்கிறார், பழுதுக்கு யாரை அழைப்பது என்பவற்றைத்தான்.

கேள்வி: சாலை வேலை நடக்கும்போதெல்லாம் இணையம் போய்விடுகிறது, திரும்பி வர நாள் கணக்காகிறது. ஏன்?

பதில்: ஜேசிபியின் ஒரு வெட்டு போதும். செம்புக் கம்பியைப் போல ஒளியிழையை முறுக்கிச் சேர்த்துவிட முடியாது. ஓடிடிஆர் என்னும் கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். அந்த இடத்தில் தோண்டி, தலைமுடி அளவே பருமனுள்ள ஒவ்வோர் இழையின் மேலுறையையும் உரித்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் இரு முனைகளையும் மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். கருவியும் தேர்ந்த ஆளும் பெரும்பாலும் நகரத்தில்தான் இருப்பார்கள். ஆயினும் நாள் கணக்கில் தாமதமாவதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. பராமரிப்பு ஒப்பந்தம் சரியாக இல்லை என்றே பொருள்.

பழைய அமைப்பில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒரே தடம். அது அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் அனைத்தும் துண்டிக்கப்படும். திருத்திய திட்டத்தில் வளைய அமைப்பு வருகிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு வந்து சேரும். தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் தர, 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையும் மத்திய அரசு வெளியிட்டது. ஒப்பந்ததாரர் அதைப் பயன்படுத்தினாரா என்று கேட்கும் உரிமை ஊராட்சித் தலைவருக்கு உண்டு.

கேள்வி: கைபேசிக் கோபுரம் இருக்கும்போது இவ்வளவு கேபிள் எதற்கு?

பதில்: கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் உள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம், மாலையில் ஊரே படம் பார்க்கத் தொடங்கினால் வேகம் குறைவது அதனால்தான். அந்தக் கோபுரத்துக்கும் ஒளியிழை வந்து சேர்ந்தால்தான் 4ஜியோ 5ஜியோ முழு வேகத்தில் இயங்கும். கேபிள் இழுக்க முடியாத மலைக் குடியிருப்புகளுக்கு, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் இணையம் ஏற்றதுதான். சமவெளி ஊர்களுக்கு அது விலை கூடிய வழி.