கார்ப்பெட் கழுவும் மெஷின்: பத்து வருடம் உழைக்க எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஹாலில் 5க்கு 8 அடி கார்ப்பெட், படுக்கையறையில் சின்னதாக ஒன்று, துணி உறை சோபா. வீட்டில் நாலு வயதுக் குழந்தையும் ஒரு லாப்ரடார் நாயும் உண்டு. ஈரம், உலர் இரண்டுக்கும் ஆகும் என்று வாங்கிய 1600 வாட் வேக்குவம் கிளீனரில் ஷாம்பு போட்டுக் கழுவி வந்தோம். ஒன்றரை வருடத்தில் மோட்டார் போய்விட்டது. தண்ணீர் ஏறியிருக்கிறது, வாரண்டி செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். இந்தமுறை 25,000 ரூபாய் வரை போடலாம். பத்து வருடமாவது உழைக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அங்கிருந்தே ஒன்று வாங்கி வரவா என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மோட்டாரைக் கெடுத்தது தண்ணீரைவிட நுரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அழுக்குத் தண்ணீர் டேங்கின் மேல்பக்கம் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் மட்டம் உயர்ந்ததும் அது எழும்பி உறிஞ்சும் வழியை அடைத்துவிடும். மோட்டார் சத்தமும் சட்டென்று கீச்சென ஏறும். நுரைக்கு அந்த மிதவையைத் தூக்கும் கனம் கிடையாது. டேங்க் பாதி நிறையும் முன்பே நுரை அதைத் தாண்டி, விசிறி வழியாக பேரிங் வரை போய்விடும். சோப்பு ஈரம் பட்ட பேரிங்கில் கிரீஸ் போய்த் துரு ஏறும். முதலில் கரகரவென்று சத்தம், சில மாதத்தில் மோட்டார் காலி. கையால் தேய்ப்பதற்கென்று விற்கும் கார்ப்பெட் ஷாம்பு நன்றாக நுரைக்கும்படியே செய்யப்படுகிறது. மெஷினில் ஊற்ற நுரை குறைந்த திரவம்தான் வேண்டும். துணி சோப்புத்தூள் கூடவே கூடாது.

அடுத்தது வாட் கணக்கு. 1600 வாட் என்பது அந்த மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதுதான். எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு கிலோபாஸ்கலிலோ மில்லிபாரிலோ தனி எண் இருக்கும். 1 கிலோபாஸ்கல் என்றால் 10 மில்லிபார். கழுவும் மெஷினுக்கு 200 மில்லிபாருக்குக் குறையாமல் பாருங்கள். அட்டைப்பெட்டியில் வாட் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்து இந்த எண் எங்குமே இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடலாம். கூடவே, 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் மெஷினை 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பிளக் உருகலாம். தண்ணீரும் கரண்டும் சேரும் வேலை என்பதால் எர்த்தும் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீடித்து உழைப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். வாரம் மூன்று நாள், தடவைக்கு 15 நிமிடம் உலர் தூசி எடுத்தால் வருடத்துக்கு 39 மணி நேரம். வீட்டு உலர் வேக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், ஹோஸ் 40,000 முறை வளைத்தாட்டிய பிறகும் உபயோகிக்கும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. அந்த 500 மணி உங்கள் வீட்டுக்கு 12 வருடத்துக்கு மேல் வரும். ஈரத்தில் ஓடும் மெஷின்கள் இந்த விதிக்குள் வராது. ஆனால் அவை ஓடும் நேரமே குறைவு. வருடத்துக்கு மூன்று தடவை கார்ப்பெட், இரண்டு தடவை சோபா, நடுவே கொட்டிய கறைகள் எல்லாம் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான். கழுவும் மெஷின் வேலை செய்து தேய்ந்து போவதில்லை; அலமாரிக்குள் சும்மா இருக்கும்போதுதான் கெடுகிறது. பம்பில் தங்கிய தண்ணீரின் உப்புப் படியும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், டேங்க் நாறும். ஆகவே, எளிதாகக் கழற்றிக் கழுவிக் காயவைக்க முடிகிற மெஷினே நீடிக்கும். பேட்டரியில் ஓடுபவற்றை இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்லவும் இதே காரணம்தான். உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

வாங்கும் முன் கார்ப்பெட் எதில் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூல் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிச் சொட்டி கெட்டியான மணியாக இறுகினால் பாலிப்ரொப்பிலீன், நைலான் மாதிரி செயற்கை இழை. காகிதம் எரிவதுபோல எரிந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். செயற்கை இழைக்கு மெஷின் பயமில்லாமல் போடலாம். கம்பளிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கம்பளிக்கென்று போட்ட திரவம், குறைந்த ஈரம். விஸ்கோஸும் சணலும் தண்ணீர் பட்டால் மஞ்சளடிக்கும், பட்டுப்போன்ற பளபளப்பும் போய்விடும். அவற்றுக்குக் கழுவும் மெஷினே வாங்க வேண்டாம். பின்பக்கம் கேன்வாஸ் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் கார்ப்பெட், அடியில் லேட்டக்ஸ் பசை இருக்கும். அதை ஊறவிட்டால் பசை விட்டு, பின்துணி கொப்புளமாக எழும். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி பக்கத்தில் கையால் முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளத்தில் முன்பக்க வடிவம் பின்பக்கமும் அப்படியே தெரியும். பார்த்தவுடன் வித்தியாசம் புரியும்.

உங்கள் 25,000ஐ ஒரே மெஷினில் போடாதீர்கள். லாப்ரடார் முடியும் குழந்தை கொட்டும் மணலும் உலர்ந்த அழுக்கு. அதற்குச் சுழலும் பிரஷ் உள்ள உலர் வேக்குவம் வேண்டும். வெறும் குழாய் வாயால் இழுத்தால் இழையின் மேலே இருப்பது மட்டும் வரும். அடியில் தங்கும் மணல்தான் இழையை அறுக்கிறது. பிரஷ் உருளையைக் காசு வைத்துத் திருப்பியோ கிளிப்பைத் தள்ளியோ வெளியே எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். முடி சுற்றுவது உருளையின் நடுவில் அல்ல, இரண்டு முனைகளில். அங்கே இறுகினால் பேரிங் சூடாகிப் பிளாஸ்டிக் இளகும், பெல்ட் அறும். மாதம் ஒருமுறை அந்த முனைகளைக் கத்தரித்துச் சுத்தம் செய்தால் போதும்.

மீதிப் பணத்தில் தண்ணீர் தெளித்து அதே கணத்தில் திரும்ப உறிஞ்சும் மெஷின், அதாவது ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்டர். கையில் தூக்கும் சின்ன மாடலில் ஒன்றிரண்டு லிட்டர் டேங்க்தான் இருக்கும். சோபாவுக்கும் கறைக்கும் சரி, 40 சதுர அடிக்கு மூன்று முதல் ஐந்து தடவை நிரப்ப வேண்டிவரும். உங்களுக்கு நாலு லிட்டர் டேங்க் உள்ளது பொருந்தும். ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கும் கார்ஷெர் புட்ஸி 10/1 மாதிரியான தொழில்முறை மெஷினில் 10 லிட்டர் டேங்க், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தெளிப்பு. வீட்டுக்கு மிகை, உங்கள் பட்ஜெட்டையும் தாண்டும். ஆனால் மாடியில் நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் அது மோசமான யோசனை அல்ல.

கடையில் டெமோ கேட்டால் தரைவிரிப்பில் கறை எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பார்க்க வேண்டாம், புதிய மெஷின் எல்லாமே எடுக்கும். ஓடவிட்டு ஹோஸ் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். அப்போதும் மோட்டார் பக்கத்துத் துவாரம் ஒன்றிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தால் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் போகிறது. பைபாஸ் மோட்டார் என்பது இதுதான். வரவில்லையென்றால் உறிஞ்சிய ஈரக்காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது, அது வேண்டாம். அழுக்கு டேங்குக்குள் கை நுழைகிறதா, மிதவையையும் அதன் வலையையும் கழற்ற வருகிறதா, ஹோஸ் இரண்டு முனையிலும் சுழன்று கொடுக்கிறதா என்று பாருங்கள். சுழலாத ஹோஸ் கைப்பிடிக்கு ஓரங்குலம் தள்ளி வெடிக்கும். உறிஞ்சும் வாய் கண்ணாடிபோல ஒளி ஊடுருவினால் நல்லது, தண்ணீர் வருவது நின்றதா என்று அதில்தான் தெரியும். பிறகு ஹோஸ், பம்ப், மிதவை, டேங்க் சீல், முன்வாய் இவை தனித்தனியாக என்ன விலை, சென்னையில் இருப்பு உண்டா என்று சர்வீஸ் சென்டருக்கே போன் செய்து கேளுங்கள். "முழு யூனிட்டாகத்தான் மாற்றுவோம்" என்று பதில் வந்தால் இரண்டாம் வருடத்திலேயே அதைத் தூக்கிப்போட நேரும்.

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 1200 வாட் மெஷினுக்கு 2000 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதன் எடையே பயமுறுத்தும். வோல்டேஜைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் 50ஆகத்தான் இருக்கும். அதிர்ந்து தள்ளும் வகைப் பம்ப் கரண்டின் துடிப்போடு சேர்ந்து ஓடுவது. இங்கே தெளிப்பு மாறும். இங்கே வாரண்டியும் பார்ட்ஸும் எதிர்பார்க்க முடியாது.

ஸ்டீம் கிளீனரையும் தவிர்க்கலாம். அது அழுக்கை வெளியே எடுப்பதில்லை. பால், ரத்தம், சிறுநீர்க் கறைகளைச் சூட்டில் இழையோடு இறுக்கிவிடும்.

கழுவும் நாளில் முதலில் உலர் வேக்குவம் இரண்டு திசையிலும். இதைச் செய்யாமல் விட்டால் தூசி சேறாகும். மூலையில் கலவை நனைத்த வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் அழுத்தி வைத்துச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். வேளச்சேரியில் போர் தண்ணீர்தான் வருகிறதென்றால் ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். 40 சதுர அடிக்கு ஐந்து லிட்டர் ஆகும். திரவம் புட்டியில் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம். இழையில் தங்கும் சோப்பு ஒட்டிக்கொண்டு அடுத்த மாதமே அழுக்கைச் சேர்க்கும். தெளித்தபடி ஒரு இழுப்பு, தெளிக்காமல் மூன்று இழுப்பு. வேலை முடிந்து அழுக்குத் தண்ணீரை அளந்தால் ஐந்தில் நாலு லிட்டருக்கு அருகில் திரும்பியிருக்க வேண்டும். மூன்றுதான் என்றால் சீல் ஒழுகுகிறது, அல்லது வேகமாக இழுத்திருக்கிறீர்கள். மின்விசிறி போட்டு, கார்ப்பெட்டை நாற்காலி மேல் தூக்கி வைத்து 24 மணி நேரத்துக்குள் காயவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுக்கழுவல் வேண்டாம், பூஞ்சை வாடை வந்தால் போகாது.

எடுத்து வைக்கும் முன் வெறும் ஆர்ஓ தண்ணீரை இரண்டு நிமிடம் தெளிக்கவிட்டு, நல்ல தண்ணீர் டேங்கைக் கழற்றிய பின் ஐந்து விநாடி மட்டும் பம்பை ஓட்டிக் குழாயில் நிற்பதை வெளியேற்றுங்கள். அதற்கு மேல் காய்ந்து ஓடினால் பம்ப் கெடும். மிதவை வலையில் நாய் முடி இருந்தால் எடுத்துவிடுங்கள். டேங்க் மூடிகளைத் திறந்தே வையுங்கள், ஹோஸை மடிக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள்.