பழைய எம்பி3 பிளேயர்களுக்கும் நிறுவனங்கள் தொடர்ந்து அப்டேட் தர வேண்டுமா?

எந்த பிளேயர் என்பதைப் பொறுத்தது. கணினியில் சொருகினால் பென்டிரைவ் போலத் திறந்து, பாட்டைக் காப்பி செய்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போகிற வகை என்றால், தொடர்ந்து அப்டேட் தர வேண்டிய அவசியமே இல்லை. பிழையில்லாமல் செய்து விற்றால் போதும். பேட்டரி சாகும்வரை அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் பாட்டை ஏற்றுவதற்கும் திறப்பதற்கும் தயாரித்த நிறுவனத்தின் சர்வரையோ மென்பொருளையோ நம்பியிருக்கிற வகை என்றால் கதை வேறு. மாட்டைக் கட்டிப்போட்டவர்தான் தீனியும் போட வேண்டும். முடியாது என்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும்.

புது வசதிகளைப் பழைய கருவிக்கும் கொடுத்துவிட்டால் புதியதை யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் 30 ஜிபி கொள்ளளவுள்ள ஜூன் (Zune) என்ற பிளேயரை வெளியிட்டது. அடுத்த நவம்பரில் 80 ஜிபி மாடலும், 4, 8 ஜிபி சின்ன மாடல்களும் வந்தன. மெனுவை மாற்றியிருந்தார்கள், கணினியிலிருந்து வைஃபை வழியாகவே பாட்டு ஏறும்படி செய்திருந்தார்கள். அந்த மென்பொருளைப் பழைய 30 ஜிபி வைத்திருந்தவர்களுக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். 2008 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பும் அப்படித்தான். சந்தையில் பின்தங்கியிருந்த நிறுவனம், அதனால் தாராளம் என்று சொல்லலாம்; இருக்கட்டுமே. ஜூன் தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், அந்தப் பட்டியலில் இலவச அப்டேட்டை யாரும் சேர்த்ததில்லை.

அதே காலத்தில் ஆப்பிள் என்ன செய்தது? 2008 ஜனவரியில் ஐபாட் டச் (iPod touch) என்ற தொடுதிரை பிளேயருக்கு மெயில், மேப்ஸ் உள்ளிட்ட ஐந்து செயலிகளைக் கொடுத்தது, 20 டாலர் வாங்கிக்கொண்டு. சில மாதம் முன்புதான் அந்தக் கருவியை வாங்கியிருந்தார்கள் மக்கள். அடுத்து வந்த இயங்குதளத்தின் 2.0, 3.0 பதிப்புகளுக்கும் தலா 10 டாலர். ஐபோனுக்கோ அதெல்லாம் இலவசம். இதற்குக் கணக்குப் பதிவு விதிகளைக் காரணம் காட்டினார்கள்: ஐபோன் வருமானத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகிறோம், ஐபாட் வருமானத்தை விற்றவுடனே எழுதிவிடுகிறோம், ஆகவே பிற்பாடு புது வசதி கொடுத்தால் அதற்கு ஒரு விலை வைத்தாக வேண்டும் என்று. அமெரிக்காவில் 2009-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. 2010-இல் வந்த அதன் அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 4 ஐபாட் டச்சுக்கும் இலவசமாகவே வந்தது. எனக்கு இதில் பெரிய கோபம் கிடையாது. பெட்டியில் எழுதியிராத வசதிக்குக் காசு கேட்பது அநியாயம் ஆகாது. வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம்.

பழுது வேறு விஷயம். பழுது என்பது விற்ற நாளிலேயே உள்ளே இருந்தது. அதைச் சரிசெய்வது நிறுவனம் காட்டும் கருணை அல்ல, கடன். மேலே தாராளப் பிரபு என்று நான் காட்டிய அதே ஜூனிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2008 டிசம்பர் 31 காலையில் உலகெங்கும் 30 ஜிபி ஜூன்கள் இயங்க மறுத்துத் திரையோடு அப்படியே உறைந்து நின்றன. மற்ற மாடல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் கடிகார டிரைவரில், அதாவது கடிகாரத்தை இயக்கும் சிறு நிரலில், இருந்த சில வரிகள். கருவிக்குள் இருக்கும் கடிகாரம் 1980-இலிருந்து இத்தனையாவது நாள் என்று ஒரே எண்ணாகத்தான் வைத்திருக்கும். அதை ஆண்டாக மாற்ற வேண்டும். டிரைவர் செய்தது இது: மிச்ச நாட்கள் 365-ஐ விட அதிகமாக இருக்கும்வரை திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே போ. சாதாரண ஆண்டு என்றால் 365-ஐக் கழி. லீப் ஆண்டு என்றால், மிச்சம் 366-ஐ விட அதிகமா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் 366-ஐக் கழி. லீப் ஆண்டின் கடைசி நாளில் மிச்சம் மிகச் சரியாக 366. அது 365-ஐ விட அதிகம், எனவே கழிக்கும் வேலை முடியவில்லை. 366-ஐ விட அதிகமில்லை, எனவே கழிக்கவும் வழியில்லை. எண் அப்படியே நிற்கிறது, மறுபடி அதே கேள்வி, அதே பதில். கருவி அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம்: பேட்டரி முழுக்கத் தீரட்டும், ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டியதும் சார்ஜ் போடுங்கள். போட்டார்கள், வேலை செய்தது. தேதி மாறியதால் வந்த குணம்.

வாங்கி இரண்டு ஆண்டு நன்றாகப் பாடிய கருவி, ஒருவரும் தொடாமலேயே ஒரு நாள் படுத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அடுத்த லீப் ஆண்டு 2012. ஜூன் தயாரிப்பையே 2011 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். "இந்த மாடலை இப்போது நாங்கள் தயாரிப்பதில்லை" என்பது இப்படிப்பட்ட பிழைக்குப் பதிலாகுமா? உற்பத்தி நின்றதால் வாங்கிய கடன் தீராது.

சரி, எத்தனை ஆண்டுக்கு? இங்கேதான் நிறுவனங்கள் நைசாக ஒரு வேலை செய்கின்றன: வெளியிட்ட தேதியிலிருந்து கணக்குப் போடுகின்றன. நான்காம் தலைமுறை ஐபாட் டச் 2010 செப்டம்பரில் வந்தது. ஐஓஎஸ் 7 அதற்குக் கிடையாது என்று 2013-இல் அறிவித்தபோது, மூன்று ஆண்டுப் பழைய கருவிதானே என்று தோன்றும். ஆனால் 2013 மே மாதம்வரை அதைக் கடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த மே மாதத்தில் வாங்கியவருக்கு, ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது அது நான்கு மாதக் குழந்தை. தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: அஞ்சல், தமிழ் 99 என்ற தமிழ்த் தட்டச்சு விசைப்பலகைகள் ஐபோன், ஐபாட் கருவிகளிலேயே உள்ளமைந்து வந்தது அந்த ஐஓஎஸ் 7-இல்தான். பாட்டின் பெயரைத் தமிழில் தட்டித் தேட ஆசைப்பட்டவர், நேற்று வாங்கிய கருவியையே மாற்ற வேண்டியிருந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கருவியில் இருந்தது 256 எம்பி ரேம். அதைப்போல இரண்டு மடங்கு ரேம் இருந்த ஐபோன் 4-க்கு ஐஓஎஸ் 7 கொடுத்தார்கள். போட்டவர்கள் பட்ட பாடு ஊரறியும், 7.1 வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டது. முந்தைய பதிப்புக்கும் திரும்ப முடியாது, ஆப்பிள் அந்தக் கதவைப் பூட்டிவிடும். எனவே எல்லாவற்றையும் பழைய கருவியில் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புது மெனு கிடைக்காவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை. தேவைப்பட்டது பாதுகாப்புத் திருத்தம். அதைச் செய்தார்கள்: 2014 பிப்ரவரியில், இணைய இணைப்பு உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் பகுதியில், ஒரே வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்ததால் சோதனையே நடக்காமல் போகும் பிழை வெளிப்பட்டபோது, ஒதுக்கிவைத்த அந்த நான்காம் தலைமுறைக்கும் 6.1.6 என்று தனியாக ஒரு திருத்தம் விட்டார்கள். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு திருத்தம் வந்தது. ஏழரை ஆண்டு. ஆக, மனம் வைத்தால் முடிகிற காரியம்தான்.

அப்டேட் கொடுக்காததைவிட மோசமானது, அப்டேட் என்ற பெயரில் இருப்பதைப் பிடுங்குவது. கிரியேட்டிவ் நிறுவனம் 2006-இல் தன் ஜென் பிளேயர்கள் சிலவற்றில் எஃப்எம் வானொலியைப் பதிவு செய்யும் வசதியை ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்டேட் மூலம் நீக்கியது. பெட்டியில் அச்சடித்து, விலையில் சேர்த்து விற்ற வசதி. நகைக்கடைக்காரர் மெருகு போட்டுத் தருகிறேன் என்று வாங்கி ஒரு கல்லைக் கழற்றிக்கொண்டால் சும்மா விடுவோமா? மென்பொருளில் நடந்தால் மட்டும் "மாற்றங்கள்" என்ற தலைப்பில் ஒரு வரியாகப் போய்விடுகிறது.

கட்டிப்போட்ட கருவிகள் என்று சொன்னேன் அல்லவா, அதன் முழு அர்த்தம் 2008 ஏப்ரலில் தெரிந்தது. தன் எம்எஸ்என் மியூசிக் இணையக் கடையில் காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பாட்டைத் திறக்க அனுமதி தரும் உரிமச் சர்வர்களை நிறுத்துகிறோம், அதன்பின் புதுக் கணினிக்குப் பாட்டை மாற்றினால் திறக்காது என்று. எதிர்ப்பு கிளம்பியதும் 2011 முடியும்வரை நீட்டித்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பூட்டுப் போட்ட அந்தப் பாட்டுகள் அதே நிறுவனத்தின் ஜூனில் ஓடாது. அவர்கள் பூட்டுக்கு அவர்கள் சாவியே பொருந்தவில்லை. ஜூனின் சொந்தச் சேவைகளும் 2015 நவம்பரில் மூடப்பட்டன. பூட்டில்லாத எம்பி3 வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. கருவியில் ஏற்றியது ஏற்றியபடி பாடிக்கொண்டிருந்தது.

கயிற்றை அவிழ்த்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தாயிற்று. ஆர்க்கோஸ் நிறுவனத்தின் ஜூக்பாக்ஸ் பிளேயரில் இருந்த மென்பொருள் பிடிக்காமல், 2001 டிசம்பரில் ஸ்வீடனில் பியோர்ன் ஸ்டென்பெர்க் என்பவர் மாற்று மென்பொருள் எழுத ஆரம்பித்தார். அதுதான் ராக்பாக்ஸ். பிற்பாடு ஐரிவர், சான்சா, ஐபாட் என்று பல கருவிகளுக்குப் பரவியது. நிறுவனங்கள் உதவியதால் பரவியது அல்ல. தன்னார்வலர்கள் சிப்பைக் குடைந்து குடைந்து கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் நானோவிலிருந்து ஃபர்ம்வேரை வெளியாட்கள் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யத் தொடங்கியது, அதனாலேயே நானோவிலும் ஐபாட் கிளாசிக்கிலும் ராக்பாக்ஸ் ஏற ஆண்டுக்கணக்கில் தாமதம் ஆனது.

என்னிடம் ஒரு சான்சா கிளிப் பிளஸ் இருக்கிறது. 2009-இல் வந்த மாடல், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ராக்பாக்ஸ் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை: கணினியில் சொருகி, நிறுவும் கருவியை ஓட்டி, கழற்றினால் தானே ஃபர்ம்வேரை மாற்றிக்கொண்டு எழுந்திருக்கும். இடது பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால் பழைய மென்பொருள் அப்படியே வரும், அதுவும் உள்ளேதான் இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டி 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை ஃபேட்32 என்ற கோப்பு முறைக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன், படிக்கிறது. நிறுவனம் மறந்துவிட்ட கருவிக்கு முன்பின் தெரியாத ஆட்கள் இன்றைக்கும் சம்பளமில்லாமல் திருத்தம் எழுதுகிறார்கள். இவ்வளவும் நடக்க நிறுவனம் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: குறுக்கே நிற்காமல் இருப்பது.

இப்போது வருகிற விலையுயர்ந்த பிளேயர்கள் பலவும் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. ஒலிக்கான சிப் அருமையாக இருக்கும், ஆண்ட்ராய்டு மட்டும் வெளியாகும்போதே இரண்டு மூன்று பதிப்பு பின்னால் நிற்கும். ஸ்ட்ரீமிங் செயலி ஒரு நாள் அந்தப் பதிப்பைக் கைவிட்டால், அரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, மெமரி கார்டு பிளேயராகச் சுருங்கிவிடும். ஆகவே எத்தனை ஆண்டு அப்டேட் என்பதைப் பெட்டியிலேயே தேதி போட்டு எழுதட்டும் என்பது என் கட்சி. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாக ஐந்தாண்டு ஆதரவையாவது எதிர்பார்க்கிறது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. நான் வாங்கிய பெட்டிகளில் காலாவதித் தேதி போட்டிருந்தது பேட்டரிக்கும் பிஸ்கட்டுக்கும்தான்.

கேட்டவர் கையில் ஏற்கெனவே பழைய பிளேயர் இருந்தால், நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான கடைசி ஃபர்ம்வேர் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் இறக்கி, மாடல் எண்ணோடு பெயரிட்டுச் சேமித்துவையுங்கள். அதோடு கணினியில் ஏற்ற வேண்டிய மென்பொருள் ஏதாவது உண்டென்றால் அதையும். தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி முதலில் தூக்கி எறிவது இந்தப் பக்கங்களைத்தான்.