சிவப்புப் பச்சை

அன்புள்ள அக்கா,

போன கிழமை அரிசி வாங்கப் போன கடையில் விலைப்பலகையில் 'சிவப்புப் பச்சை', 'வெள்ளைப் பச்சை' என்று எழுதியிருந்தது. மகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சிவப்பு எப்படியம்மா பச்சையாகும்?" என்றாள். அவிக்காத நெல்லின் அரிசி என்று சொன்னேன். "அப்ப இலையை ஏன் பச்சை என்கிறோம்?" என்று திருப்பிக் கேட்டாள். பச்சை என்பது நிறமா, வேறு ஏதுமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

பச்சைக்கு வேர் 'பசு' என்பது; பசுமை, பசிய எல்லாம் அதில் கிளைத்தவை. ஈரமும் இளமையும்தான் அதன் முதற்பொருள், நிறம் பிறகு வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கல், அவிக்காமல் குத்தினால் பச்சை. தவிடு சிவப்பா வெள்ளையா என்பது வேறு கணக்கு. கொதிக்காதது பச்சைத்தண்ணி. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு, பிறந்தது பச்சைக்குழந்தை. ஆறாதது பச்சைப்புண். இவற்றில் எதிலும் அந்த நிறம் இல்லை. நெருப்போ நாட்களோ இன்னும் மாற்றாதவை, அவ்வளவுதான். தளிரும் புல்லும் அப்படிப்பட்டவையே. அவற்றின் நிறத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

அந்த நிறமும் ஆதியில் இன்றைய பச்சை மட்டுமல்ல. பசும்பொன் என்கிறோம், பொன் மஞ்சள்தானே! பிரிவில் வாடும் பெண்ணின் மேனி வெளிறுவது பசலை. குறளில் 119ஆம் அதிகாரம் முழுதும் அதைப் பற்றியதுதான். தெலுங்கில் 'பச்ச' பச்சையையும் குறிக்கும், மஞ்சளையும் குறிக்கும். சமையல் மஞ்சள் அங்கே 'பசுபு'. கன்னடத்தில் நம் பகரம் ஹகரமாகும். 'ஹசி' என்றால் வேகாதது, 'ஹசிரு' என்றால் பச்சை நிறம். பசும்பாலை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அந்தப் பசு வடமொழிச் சொல்.

நம் ஊரில் இன்னொன்றையும் மகளுக்குக் காட்டலாம். சிவப்புப் பச்சையைச் சிங்களத்தில் 'ரத்து கெக்குளு' என்பார்கள். கெக்குளுவுக்கு அரும்பு, பிஞ்சு என்றும் பொருள் உண்டு. ஆனால் நிறத்துக்கு அவர்கள் இலையிடம் போனார்கள்: 'கொள' என்றால் இலை, பச்சை நிறமும் அதுவே. காலையில் நாம் வாங்கிக் குடிக்கும் இலைக்கஞ்சி அவர்களுக்குக் கொளகெந்த. அவர்கள் இரண்டு சொல்லில் வைத்திருப்பதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம், பச்சைப் பொய் என்றால் என்ன என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள். அரிசியைப் புரிந்துகொண்ட பிள்ளை அதையும் சொல்லிவிடுவாள்.