அப்பா விற்ற பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரைத் தேடி, அதன் பிளேட் எண்ணைப் போட்டால் ஆடி (Audi) கார் வருகிறதா?

பிளேட் எண்ணை விடுங்கள், சேசிஸ் எண்ணை (காரிலேயே பொறித்த அடையாள எண்) தேடுங்கள். பிரிட்டனில் பிளேட் எண்ணை மட்டும் வேறு காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்பா இன்ஜின் மாற்றிக் கட்டிய மார்க் 2 (இரண்டாம் தலைமுறை) எஸ்கார்ட்டை வாங்கியவர் எண்ணைத் தனியாக விற்றிருப்பார். அழகான எண்ணுக்குக் காரைவிட நல்ல விலை!

1. பழைய லாக்புக் (காரின் பதிவு ஆவணம்) நகல், இன்சூரன்ஸ் தாள்களில் சேசிஸ் எண் இருக்கிறதா பாருங்கள்.

2. கிடைத்தால், அதோடு பழைய படங்களையும் சேர்த்து ஃபோர்டு கிளப்புகளுக்கு அனுப்புங்கள். ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் பாதுகாப்புக் குழாய்ச் சட்டம்), பெயின்ட் எல்லாம் தெரியும் படம் நல்லது. இன்றைய உரிமையாளரிடம் உங்கள் கடிதத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு, உரிமையாளர் விவரம் கேட்டு வி888 படிவம் போடலாம்தான். ஆனால் 'அப்பாவின் கார்' என்பதற்காக மட்டும் பெயர், முகவரி தரமாட்டார்கள்.

இன்னொன்று: இந்த எஸ்கார்ட்டுகளுக்குத் துருப்பிடித்த பாடியையே மாற்றுவது சகஜம். அதனால் காரைத் திரும்ப வாங்குவதானால், எண் பொருந்தினாலும் வெல்டிங் தழும்புகளைப் பார்த்துவிட்டே பணம் பேசுங்கள்.