கங்காரு தீவில் கோலாக்களுக்குக் கருத்தடை செய்வது நியாயமா?

அழிந்துவரும் விலங்கு என்று நாம் படித்த கோலாவுக்கு ஆஸ்திரேலியாவிலேயே கருத்தடை செய்கிறார்களே, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிலெய்டில் வசிக்கும் நான், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தைச் சேர்ந்த கங்காரு தீவின் மரங்களை நேரில் பார்த்த பிறகு, சரிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கோலா கங்காரு தீவின் பூர்வீக விலங்கு அன்று. தோலுக்காக வேட்டையாடப்பட்டுப் பெருநிலத்தில் அது அருகிவந்த காலத்தில், அதைக் காப்பாற்றும் நோக்கத்துடன் 1920களில் அண்டை மாநிலமான விக்டோரியாவின் பிரெஞ்சுத் தீவிலிருந்து 18 கோலாக்களைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பெருநிலக் கோலாக்களை மலடாக்கும் கிளமிடியா நோய் தொற்றாத அந்தச் சிறு கூட்டம் பெருகி, 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சுமார் 27,000 ஆயிற்று.

ஓடைக்கரையில் நான் பார்த்த மன்னா கம் என்னும் தைலமரம் ஒன்றின் உச்சிக்கிளைகளில் ஓர் இலைகூட இல்லை. அந்த மொட்டைக் கிளையின் கவட்டில், குட்டியை முதுகில் சுமந்தபடி ஒரு தாய்க் கோலா உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே வேறொரு வகைத் தைலமரம் பசுமையாக நின்றும் அது அங்கே போகவில்லை. தனக்குப் பிடித்த மரத்தையே திரும்பத் திரும்ப மேய்வது அதன் இயல்பு. துளிர்க்க அவகாசம் கிடைக்காத மரம் பட்டுப்போகிறது, பிறகு கோலாவும் பட்டினி கிடக்கிறது.

சுட்டுக் கொல்லலாம் என்று 1990களில் எழுந்த யோசனையை அரசு ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 1997 முதல் ஆயிரக்கணக்கானவற்றை மரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள்; ஒரு பகுதியைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் கொண்டுபோய் விட்டார்கள். கொல்லக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் கருத்தடை செய்யப்பட்ட கோலாவும் ஆயுள் முடியும்வரை இலை தின்றுகொண்டுதான் இருக்கும் என்பதால், மரங்கள் மொட்டையாகும் முன்பே தொடங்கினால்தான் இந்த முறை பலன் தரும். விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் நிலைமை கைமீறியதால், 2013, 2014 ஆண்டுகளில் பட்டினியால் நலிந்த சுமார் 700 கோலாக்களைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

2019–20 காட்டுத்தீயில் கங்காரு தீவின் கோலாக்களில் பெரும்பகுதி மடிந்தது. எண்ணிக்கை குறைந்து, கருகிய மரங்கள் மீண்டும் துளிர்க்கும் காலமே கருத்தடைப் பணியை விடாமல் நடத்த ஏற்ற காலம் என்பது என் எண்ணம்.