ஆறு கிளப்பில் பெயர் இருக்கிறது, பழகிய ஆள் ஒருவரும் இல்லை

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். தங்கியிருப்பது ஹாஸ்டலில். சேர்ந்த புதிதில் ஆறு கிளப்புகளில் பெயர் கொடுத்தேன். ஆறு வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கிறேன், ஒன்றிலும் யாரையும் தெரியாது. நாலைந்து கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்ததோடு சரி. வகுப்பு, அறை, போன் என்று நாள் போகிறது. எதற்காகப் படிக்கிறோம் என்பதே சில நாள் புரிவதில்லை. கூச்ச சுபாவம் வேறு. எதில் சேரலாம், எவ்வளவு நேரம் ஒதுக்கலாம், மார்க் குறையாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முதல் வேலையாக ஆறில் ஐந்தை விட்டுவிடுங்கள். இந்த வாரமே விடலாம். பழக்கம் என்பது ஒரே ஆட்களோடு திரும்பத் திரும்பக் கழிக்கும் மணிக்கணக்கில் வருவது. உங்கள் நேரம் ஆறாகப் பிரிந்துவிட்டதால் எந்த இடத்திலும் அந்தக் கணக்கு ஏறவில்லை.

இந்த மணிக்கணக்கை அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்டார். ஊர் மாறி வந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் கேட்டதில், வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகியிருந்தது. இவை சராசரிகள்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரக் கூட்டம், 15 வார செமஸ்டர் என்றால், ஒன்று விடாமல் போனால்கூட 30 மணி நேரம்தான் தேறும். நீங்கள் போன கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து பத்து மணி நேரம் வருமா? அதற்குள் யாரும் நண்பராகவில்லை என்பதற்காக உங்கள் சுபாவத்தில் குறை தேட வேண்டியதில்லை.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. வகுப்பிலும் வேலையிடத்திலும் கட்டாயத்தின் பேரில் சேர்ந்திருந்த நேரம் நெருக்கத்தைக் கூட்டவில்லை. சும்மா பேசிக்கொண்டிருந்த நேரமும் சேர்ந்து விளையாடிய நேரமும்தான் கூட்டின. வருஷம் முழுக்கப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போவது இதனால்தான்.

சரி, எந்த ஒன்றை வைத்துக்கொள்வது? எனக்கு எதில் ஆர்வம் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். நாங்கள் அதை இரண்டாவதாக வைப்போம். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழு எத்தனை முறை கூடுகிறது என்பது. உங்களுக்குப் போட்டோ எடுப்பதில் உயிர் என்றாலும், வருஷத்துக்கு இரண்டு போட்டி நடத்துவதோடு நின்றுவிடும் போட்டோ கிளப்பில் உங்களுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், ஆள் கிடைக்காது. நாடகத்தில் அரைகுறை ஆர்வம்தான் என்றாலும், வாரம் இரண்டு ஒத்திகை வைக்கும் நாடகக் குழு உங்களுக்குப் பத்துப் பேரைப் பழக்கிவிடும். ஆர்வம் வேலையைச் செய்யச் செய்ய வளரக்கூடியது.

கிளப் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். போன மாதம் எத்தனை முறை கூடினீர்கள்? வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள்? புதிதாக வருபவருக்கு முதல் மாதத்தில் என்ன வேலை கொடுப்பீர்கள்? "எங்க ஆண்டு விழா பிரமாதமா இருக்கும்" என்ற பதில் வந்தால் அது விழா நடத்தும் குழு, விழா முடிந்ததும் கலைந்துவிடும். "வாரா வாரம் புதன்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், வந்தவங்களுக்கு உடனே ஏதாவது வேலை இருக்கும்" என்றால் அங்கே போங்கள். இருபது பேரைத் தாண்டினால் பேச்சு மேடையிலிருந்து மட்டும்தான் வரும், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். பெரிய குழு என்றால் அதற்குள் ஒரு சின்ன அணியைத் தேடுங்கள்: ஒலி, விளக்கு, அச்சு வேலை, பொருள் கணக்கு, இப்படி ஏதாவது ஒன்று.

கூச்சம் உள்ளவருக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். நாங்கள் சிபாரிசு செய்வது கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. கேட்டு வாங்குங்கள், போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு பக்கம் போதும். மேலே தேதி, வந்தவர்களின் பெயர். கீழே மூன்று கட்டம்: என்ன வேலை, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். "மேடை அலங்காரம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. "பின்திரைத் துணி, 12 அடிக்கு 20 அடி, வெள்ளிக்கிழமைக்குள்" என்று எழுதிவிட்டு, "இதை யார் எடுத்துக்கிறீங்க, பேர் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். பெயர் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடையாது. குறிப்பை அன்று இரவே குரூப்பில் போட்டுவிடுங்கள், மூன்று நாள் கழித்துப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள், வேலை எடுத்தவர்களுக்குத் தனித்தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: "துணி கிடைச்சுதா? இல்லேன்னா நானும் கூட வரேன்." இதைக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டால் கணக்குக் கேட்கிற மேனேஜர் ஆகிவிடுவீர்கள், தனியாகக் கேட்டால் உதவிக்கு வருபவர் ஆவீர்கள். நாலு கூட்டத்துக்குள் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்கும், பேசுவதற்கு ஒரு காரணமும் கையில் இருக்கும்.

கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள், முடிந்ததும் கால் மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். நாற்காலி போடும்போதும் மடக்கி வைக்கும்போதும் நடக்கிற பேச்சுதான் உங்களுக்கு வேண்டியது. கூட்டம் நடக்கையில் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நேரத்துக்கு வந்து நேரத்துக்குக் கிளம்புகிறவர் ஒரு வருஷம் போனாலும் புது ஆள்தான்.

பேச வரவில்லையா? வருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். 1992இல் மோர்லாண்ட், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு பெரிய வகுப்பில் நான்கு பெண்களை மாணவிகள்போல உட்கார வைத்தார்கள். ஒருவர் 15 வகுப்புக்கு வந்தார், ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் வரவே இல்லை. இந்த நால்வரும் வகுப்பில் யாரோடும் பேசவில்லை. செமஸ்டர் முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது வீண் இல்லை, ஒரே இடத்தில் தொடர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். அறைக்குத் திரும்பும்போது "உளறிக் கொட்டிட்டோமே" என்று மனசு சொல்வதையும் நம்பாதீர்கள். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் காட்டியபடி, முதல்முறை பேசி முடித்த இருவரும் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

அறிமுகம் அறிமுகமாகவே நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. குழுவுக்குள் நன்றாகப் பேசுவார்கள், வெளியே சந்திப்பதே இல்லை. இதைக் கடக்க யாராவது ஒருவர் கூப்பிட வேண்டும். "ஒரு நாள் மீட் பண்ணலாம்" என்றால் அந்த நாள் வரவே வராது. "வியாழக்கிழமை நாலு மணிக்கு லைப்ரரியில அசைன்மென்ட் எழுதப் போறேன், வர்றியா?" என்றால் பதில் கிடைக்கும். வர முடியாது என்றவர் வேறு நாள் சொன்னால் அவருக்கு விருப்பம் இருக்கிறது. இரண்டு முறை மறுத்து, வேறு நாளும் சொல்லவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்தவரைக் கேளுங்கள், கோபம் வேண்டாம். எல்லோரும் நண்பராக வேண்டும் என்றும் இல்லை. சாண்ட்ஸ்ட்ரம், டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமான வகுப்புத் தோழர்களோடு நாலு வார்த்தை பேசிய நாட்களில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடும், இது என் இடம் என்ற உணர்வோடும் இருந்தார்கள். பேசியது பெரும்பாலும் நெருக்கம் இல்லாதவர்களோடுதான்.

இனி, எதற்காகப் படிக்கிறோம் என்ற கேள்வி. அறையில் உட்கார்ந்து யோசித்து இதற்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் குறைவு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டேமனும் சகாக்களும் 2003இல் வாழ்க்கை நோக்கத்துக்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். அது நீண்ட நாள் நிலைக்க வேண்டும், தனக்குப் பொருளுள்ளதாக இருக்க வேண்டும், தன்னைத் தாண்டி வெளியே ஏதாவது விளைய வேண்டும். நடுவில் உள்ளதைத்தான் மாணவர்கள் துருவித் துருவி யோசிக்கிறார்கள். மூன்றாவதை நாளைக்கே தொடங்கலாம். வாரம் ஒன்றரை மணி நேரம், படிக்கிற பாடத்தோடு ஒட்டிய வேலையாக இருந்தால் நல்லது. கணக்குப் பதிவியல் படிப்பவர் ஒரு சின்னத் தொண்டு அமைப்பின் வரவு செலவை எழுதித் தரலாம். உயிரியல் படிப்பவர் வளாகத்து மரங்களையும் பூச்சிகளையும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதியலாம் (அதுவே 2008இல் மாணவர்களின் முதுகலை பிராஜெக்டாகத் தொடங்கியதுதான்). எந்தப் பாடமானாலும், பார்வையற்ற சக மாணவருக்கு வகுப்புக் குறிப்புகளைப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம்.

இந்தக் கடைசி வேலையில் பலர் சறுக்குவது ஆரம்பத்திலேயே. முழுப் பாடத்தையும் பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கேட்பவருக்கு அது உதவாது. முதலில் இரண்டு பக்கம் மட்டும் பதிந்து கொடுத்து, வேகம் சரியா, எது புரியவில்லை என்று கேட்க வேண்டும். தலைப்பையும் பக்க எண்ணையும் சொல்லிவிட்டுப் படிக்க வேண்டும், படமும் அட்டவணையும் வந்தால் தாண்டிப் போகாமல் வாயால் விவரிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு என்று இல்லாமல் தலைப்புக்கு ஒரு கோப்பாக வெட்டினால், தேர்வுக்கு முந்தின நாள் அவரால் தேடி எடுக்க முடியும்.

குழந்தைகளோடு பழகும் தொண்டில் மட்டும் யோசித்து இறங்குங்கள். வழிகாட்டித் திட்டங்களில் சேர்ந்த வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்து கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் பிள்ளைகளின் சுயமதிப்பு குறைந்தே போயிருந்தது. விடுமுறையில் இரண்டு மாதம் மட்டும் நேரம் இருந்தால், நூலகம் அடுக்குவது, பழைய கம்ப்யூட்டர் சரிபார்ப்பது போன்ற வேலையை எடுங்கள். "இந்த வாரம் நான் வராவிட்டால் யாருக்கு என்ன நின்றுபோகும்?" இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற வேலையாகத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் வளாகத்தில் ஒழுங்காகக் கூடும் குழுவே இல்லை என்றால் நீங்களே தொடங்கலாம். நாலு பேர், ஆறு வாரம், ஒரே நாள், ஒரே இடம், ஒரு மணி நேரம். தலைவர், லோகோ, விதிமுறை எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம், பதவியில் தொடங்கும் குழுக்கள் பதவிச் சண்டையில்தான் முடிகின்றன. இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றாலும் நடத்துங்கள். ஒருமுறை ரத்து செய்துவிட்டால், அடுத்த வாரம் நடக்குமா நடக்காதா என்று கேட்டுக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

விலக வேண்டியவை சில. முன்பணம் கட்டி ஆள் சேர்க்கச் சொல்லும் 'பிசினஸ்' குழு, வகுப்பைக் கட் அடிக்கச் சொல்லும் குழு, வீட்டில் சொல்லாதே என்கிற குழு, சேர்வதற்கு அவமானப்படுத்தும் 'சோதனை' வைக்கும் குழு: இவற்றில் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். தூக்கம், சாப்பாடு, வகுப்பு மூன்றும் இரண்டு வாரமாகக் குலைந்து கிடந்தால், கிளப் எல்லாம் பிறகு. முதலில் பல்கலைக்கழக மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

மார்க் விஷயம். கூட்டம் இரண்டு மணி நேரம், அதை ஒட்டிய வேலையும் அரட்டையும் இரண்டு மணி நேரம், தொண்டு ஒன்றரை மணி நேரம், ஆக வாரம் ஐந்தரை மணி நேரம். கூட்டமும் அதை ஒட்டியதுமான நாலு மணி நேரம், தேர்வு வாரங்களைக் கழித்து 13 வாரத்தில் 52 ஆகிறது, ஹால் சொன்ன முதல் 50ஐத் தாண்டிவிடுவீர்கள். மார்க்கைச் சாப்பிடுவது இந்த ஐந்தரை மணி நேரம் இல்லை. விழாவுக்கு முந்தின பத்து நாளும், ஒரே ஆள் மூன்று பதவி வைத்திருப்பதும்தான் சாப்பிடுகின்றன. பதவி ஒன்றுக்கு மேல் ஏற்காதீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமாட்டேன், அதுவரை குறிப்பு எழுதுவது யார் என்று கூட்டத்திலேயே சொல்லி, பழைய குறிப்புகளை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆறு கூட்டம் போன பிறகும் மூன்று பேருக்காவது உங்கள் பெயர் தெரியவில்லை, வராத நாளில் யாரும் கேட்கவில்லை, கையில் வேலையும் இல்லை என்றால் செயலாளரிடம் சொல்லிவிட்டு, விட்ட ஐந்தில் அடுத்ததைப் பாருங்கள்.